எந்த மாடி டாக்டர்

நான் எம்.பி.பி.எஸ். முடித்து தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்துக்கு வந்தபோது, சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லைனில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "நீ இன்னாத்துக்கு டாக்டரு?" கண்ணுக்கா, காதுக்கா, எலும்புக்கா என்று அர்த்தம். எல்லாத்துக்கும்தான் என்று சொன்னால், "பரவால்ல, இன்னும் படிச்சா சரியாப்பூடும்" என்று ஆறுதல் சொல்வார்கள். அப்பா மட்டும் வேறு மாதிரி கேட்பார். "எந்த மாடி?"

அப்பா பெங்களூரில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறார். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரில் வேலைக்குப் போகிற பாதிப் பேரைப்போல அவரும் காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புகிறவர். முதலில் செக்யூரிட்டியாக இருந்தார், பிறகு டிராலி தள்ளினார், இப்போது பல வருஷமாக லிஃப்ட். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. எழுத்து வராது, எண் வரும். அந்த வேலைக்கு எண் போதும். மருத்துவம் என்பது அவருக்கு எட்டுப் பொத்தான்கள். ஒன்று பிரசவம், இரண்டு குழந்தைகள், மூன்று எலும்பு, நான்கு காது மூக்கு தொண்டை, ஐந்து நரம்பு, ஆறு கிட்னி, ஏழு இருதயம், எட்டு ஆபரேஷன் தியேட்டர். மூன்றாம் மாடி டாக்டர்கள் சத்தமாகப் பேசுவார்களாம். ஐந்தாம் மாடிக்காரர்கள் பேசவே மாட்டார்களாம். ஏழாம் மாடி டாக்டர் யாராவது ஏறினால் அப்பா ஸ்டூலை விட்டு எழுந்து நிற்பார். மற்ற மாடிக்காரர்களுக்கு எழுந்திருக்கப்போவதுபோல ஓர் அசைவு, அவ்வளவுதான்.

"உங்க தாத்தா கேஜுல கீழ போனாரு. நான் மேலயும் கீழயுமா நடுவுல கீறேன். நீ ஏழுல போய் இறங்கிக்க." கேஜ் என்றால் சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற இரும்புக் கூண்டு. இதை அவர் நான் பி.யு.சி. படிக்கும்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததே என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். ஆனால் ஒரு கடுதாசி இல்லாமல், அளவு எழுதாமல், லைன் முழுக்க எந்தப் பெண்ணுக்கு என்ன அளவில் ரவிக்கை என்பதை மனதிலேயே வைத்திருப்பாள். அவளிடம் ஒரு கத்தரி உண்டு. துணி ஓரம் பிரியாமல் இருக்க பல் பல்லாக வெட்டுமே, அந்த ஜிக்ஜாக் கத்தரி. தையல் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்கும். எட்டாம் வகுப்பில் சார்ட் பேப்பர் வெட்ட அதை எடுத்ததற்காக முதுகில் வாங்கியிருக்கிறேன். அதை அவளைத் தவிர யாரும் தொடக்கூடாது. அவள் மட்டும் அதை வைத்துப் பால் பாக்கெட்டிலிருந்து ஷாம்பு பாக்கெட் வரைக்கும் எல்லாவற்றையும் வெட்டுவாள்.

மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வில் எனக்குக் கிடைத்தது நடுத்தரமான ரேங்க். ஏழாம் மாடிக்கு நேராகப் போக முடியாது. ஆனால் ஜெனரல் மெடிசின் எடுத்தால் அதற்கப்புறம் இன்னும் மூன்று வருஷம் படித்துப் போகலாம். எலும்பு கிடைக்கும், வடக்கே எங்காவது. மயக்க மருந்து கிடைக்கும். எந்தப் படிப்பு வேண்டும் என்று ஆன்லைனில் வரிசைப்படுத்திப் பூட்ட வேண்டும், பூட்டிவிட்டால் மாற்ற முடியாது. நான் முதலில் போட நினைத்தது ஃபேமிலி மெடிசின். குடும்பம் மொத்தத்துக்கும் பார்க்கிற டாக்டர். அதற்கும் மூன்று வருஷப் படிப்பு, அதற்கும் பரீட்சை, அதற்கும் பட்டம் உண்டு. இதை நான் லைனில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருந்தது.

லைனைச் சொல்லிப் பயனில்லை. என்னோடு படித்தவர்களே நம்பவில்லை. ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் ஸ்கேன் பார்க்கிற ரேடியாலஜிக்குப் போகிறான். ஏன்டா என்றால், "நோயாளிங்க பேச மாட்டாங்க மச்சி, படம்தான் பேசும்" என்றான். இன்னொருத்திக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் டாக்டர், சொந்தமாக நர்சிங் ஹோம். "எங்க வீட்ல தியேட்டர் கட்டிட்டாங்க. அதுக்கு ஏத்த மாதிரி நான் ஆவணும்" என்றாள். போனில் நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தபோது நான் ஃபேமிலி மெடிசின் என்று சொன்னதும் இரண்டு பேரும் பாய்ந்தார்கள்.

"டேய், பொண்ணு குடுக்க மாட்டாங்கடா. போர்டுல இன்னான்னு போடுவ?" ரேடியாலஜிக்காரன் ஓசூர்க்காரன், என்னிடம் பேசும்போது எங்கள் ஊர்த் தமிழைக் கிண்டலுக்கு எடுத்துக்கொள்வான்.

"சளி, காய்ச்சல்னு போடுவான்," என்றாள் நர்சிங் ஹோம்காரி. "சாரி, சும்மா சொன்னேன். ஆனா நெஜமா கேக்கறேன், அஞ்சரை வருஷத்துல அந்த டிபார்ட்மென்ட்ட நீ எங்க பாத்த?"

அது நியாயமான கேள்வி. எங்கள் கல்லூரியில் அப்படியொரு துறையே இல்லை. அதற்கு ஒரு பேராசிரியர் இல்லை, அவர் பின்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு ஓடுகிற பத்து மாணவர்கள் இல்லை. எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு மாடிக்காரர்கள். வார்டில் அபூர்வமான வியாதி வந்தால் 'நல்ல கேஸ்' என்று கூப்பிட்டுக் காட்டுவார்கள். பாவம் அந்த ஆள் படுத்துக்கொண்டிருப்பார், நாங்கள் நல்ல கேஸ் நல்ல கேஸ் என்று சுற்றி நிற்போம். சளியும் சர்க்கரையும் யாருக்கும் நல்ல கேஸ் இல்லை. கண்ணால் பார்க்காத ஒரு வேலைக்கு யார் ஆசைப்படுவார்கள்? நான் ஆசைப்பட்டதும் தற்செயல்தான்.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது இரண்டு மாதம் ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டார்கள். அங்கே ஓர் அம்மா குழந்தைக்கு இருமல் என்று வந்தாள். அடுத்த வாரம் மாமியாரின் முழங்காலுக்கு வந்தாள். அதற்கடுத்த வாரம் புருஷனை இழுத்துக்கொண்டு வந்து, "ஈயன பீடி மான்பிஞ்சண்டி சார்" என்று எதிரில் உட்கார வைத்தாள். பீடியை நிறுத்தச் சொல்லுங்கள் என்கிறாள். அவருடைய பீடிப் புகைதான் குழந்தையின் இருமல் என்பதை அவளே கண்டுபிடித்திருந்தாள். நாலாவது வாரம் தனியாக வந்தாள். அவளுக்காக வந்த முதல் தடவை அது. அன்றைக்கு நான் சைக்கிளில் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும்போது பாடிக்கொண்டே போனேன். எனக்குப் பாட வராது.

ஆக, பூட்ட வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால் சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"ஃபேமிலி மெடிசின்பா."

"சரி. அது எந்த மாடி?"

"அதுக்கு மாடி கெடையாது."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "மாடியே இல்லாத டாக்டரா?"

"உங்க ஆஸ்பத்திரில இல்ல. வேற இடங்கள்ல கீது."

"எங்க ஆஸ்பத்திரில இல்லாதது வேற எங்க கீது?" கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கோபமில்லை. ஏதோ என்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்கிற மாதிரி முகம். "நாளைக்கு என்னோட வா. சூப்பர்வைசராண்ட சொல்லிக்கிறேன். ஏழாவது மாடிய ஒரு தடவ கண்ணால பாரு. பாத்துட்டு அப்பறம் நீ இன்னா வேணா அமுக்கு, நான் கேக்க மாட்டேன்."

மறுநாள் காலை ரயிலில் எங்கள் எதிர் சீட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். சொந்தப் பெரியப்பா இல்லை, லைனில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி. சுரங்கத்தில் கேஜ் மணி அடித்தவர். எத்தனை மணி அடித்தால் ஆள் இறங்குகிறது, எத்தனை அடித்தால் நிறுத்த வேண்டும் என்று இன்னமும் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் அடித்துக் காட்டுவார். ஒரு மாதமாக அவருக்குத் தலைசுற்றல். குழாயடியில் ஒருமுறை விழுந்து நெற்றியில் தையல். அப்பாதான் தன் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அழைத்துப்போனார். இது மூன்றாவது தடவை.

"காதுல பாத்தாங்க, நல்லா கீதாம். நரம்புல பாத்தாங்க, நல்லா கீதாம்," என்றார் பெரியப்பா. "இன்னிக்கு ஹார்ட்டு. அதுவும் நல்லா கீதுன்னா, அப்பறம் நான் எதுக்கு சுத்துறேன்னு நானே சொல்லணும் போலக்கீது."

"உங்களுக்கு நக்கலு," என்றாள் பெரியம்மா. மடியில் துணிப்பை. அதற்குள் ஃபைல்கள், எக்ஸ்ரே, இட்லி, தண்ணீர் பாட்டில், ஒரு பிஸ்கட் டப்பா. "தம்பி, நீ டாக்டருதான. நீயே சொல்லேன்."

ஒரு மாதமாக அவர்கள் என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். நானும் மூன்று வீடு தள்ளி இருந்துகொண்டு, "தண்ணி நல்லா குடிங்க பெரியப்பா, பெரிய டாக்டர் பாக்கிறாங்கல்ல" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அது இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அப்பா எனக்கு ஸ்டூலைக் கொடுத்துவிட்டு நின்றார். லிஃப்ட் ஓட்டுகிற அப்பாவை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. வீட்டில் இருக்கிற ஆள் இல்லை அவர். கன்னடத்தில் "எஷ்டனே ஃப்ளோர்?" தெலுங்கில் "என்னோ அந்தஸ்து?" இரண்டும் எந்த மாடி என்பதுதான். ஆளைப் பார்த்ததும் பாஷை மாறிவிடும். ஒரு பெண் ஏறி ஐந்து என்றாள். நரம்பு மாடி.

"இன்னாமா பண்ணுது?" என்று கேட்டார் அப்பா.

"தலை சுத்துது."

"நிமிரும்போது சுத்துதா, படுத்துத் திரும்பும்போது சுத்துதா?"

"படுக்கைல திரும்பும்போதுதாங்க."

"அப்ப நாலுல கேட்டுட்டுப் போமா. அஞ்சுக்குப் போனாலும் அவங்க நாலுக்குத்தான் அனுப்புவாங்க." நான்கை அமுக்கினார். அவள் இறங்கிப் போனாள்.

நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். தலைசுற்றலை எப்படிப் பிரித்துக் கேட்பது என்று எங்களுக்கு முழுசாக ஒரு வகுப்பு எடுத்தார்கள். அப்பா இரண்டு மாடிக்குள் முடித்துவிட்டார்.

"இத்த யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரு சொல்லணும்? பாவம், மேல போயி கீழ வந்து, கீழ வந்து மேல போயி, அதுங்க காலு வலிக்குது. பாத்துப் பாத்து தெரிஞ்சுப்போவுது."

"நீங்க பண்றீங்களே, நான் படிக்கணும்னு சொல்றது இதுதான்பா."

"போடா. நான் பொத்தான் அமுக்கறவன்." ஆனால் அடுத்த இரண்டு பேரிடம் கேள்வி கேட்கும்போது என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

ஏழாம் மாடியை எனக்குக் காட்டினார். லிஃப்ட் கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு, கோயில் கதவைத் திறந்து காட்டுவதுபோல. பளபளவென்று தரை, குளிர்ச்சி, ஒருவித நல்ல வாசனை. அழகாகத்தான் இருந்தது. "எப்படிக் கீது?" என்றார். "நல்லா கீதுப்பா" என்றேன். பொய் இல்லை.

பதினொரு மணிக்குப் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஏழில் ஏறினார்கள். பெரியம்மா முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஹார்ட்டும் நல்லா கீதாம்," என்றார் பெரியப்பா. "இன்னொரு ஸ்கேன் எடுத்துட்டு மறுபடி அஞ்சுக்குப் போகச் சொல்லிக்கிறாங்க. தம்பி, உங்கப்பன் கேஜுல நான் ஏறினதுக்கு, அந்தக் காலத்துல ஓவர்டைம் குடுத்திருப்பாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தவர் லிஃப்ட் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண் ஒரு நிமிஷம் எங்கோ போனது. நான் எழுந்து ஸ்டூலில் அவரை உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் சரியாகிவிட்டார். அதை நான் கவனித்தேன். நின்றால் சுற்றுகிறது, உட்கார்ந்தால் நிற்கிறது.

"பெரியப்பா, கீழ போவலாம். ஸ்கேன் அப்பறம் எடுத்துக்கலாம்."

கீழ்த்தளத்தில் லிஃப்டுக்கு எதிரே ஒரு நீளப் பெஞ்சு. அங்கே படுக்க வைத்தேன். அப்பா வரவேற்பில் இருந்த சிஸ்டரிடம் போய் ஏதோ சொல்லி ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷினை வாங்கி வந்தார். படுத்திருந்தபோது நூற்றுப் பதினாறு. எழுந்து நிற்க வைத்தேன். எண்பத்து நாலு. மறுபடி பார்த்தேன். அதேதான். அத்தனை மாடியிலும் அவரை உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார்கள், அல்லது படுக்க வைத்து. உட்கார்ந்திருந்தால் அவருக்கு ஒன்றுமில்லை.

"இன்னா மாத்திரை சாப்பிடுறீங்க?"

பெரியம்மா சீட்டை எடுத்து நீட்டினாள். எல்லா மாடியிலும் நீட்டிய அதே சீட்டு. காலையில் ஒரு பிரஷர் மாத்திரை, காலையும் மாலையும் சர்க்கரை மாத்திரை. அதில் தப்பில்லை.

"சீட்டு வேணாம் பெரியம்மா. மாத்திரையக் காட்டுங்க."

பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். பட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிய மாத்திரைகள், பகடைக்காய் மாதிரி கலகலவென்று. பிரஷர் மாத்திரை மஞ்சள். சரி. சர்க்கரை மாத்திரை வெள்ளை, வட்டம், நடுவில் ஒரு கோடு. அதில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பேர் இருக்கிற இடம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. வெட்டின ஓரம் நேராக இல்லை. பல் பல்லாக இருந்தது.

எனக்கு முதுகு வலித்தது, எட்டாம் வகுப்பில் வலித்த அதே இடத்தில்.

எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. காப்பித்தூள் கைமாற்று வாங்குவதுபோல மாத்திரையும் கைமாற்று. சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டால் சுவரைத் தட்டினால் போதும், அடுத்த வீட்டில் இரண்டு நாளைக்கோ ஒரு மாதத்துக்கோ கொடுப்பார்கள். வாங்கி வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அது மரியாதை. யாருக்கும் பேர் படிக்க வராது. நிறம் பார்த்து, அளவு பார்த்து, கோடு பார்த்துத்தான். நான் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, உன் சர்க்கரை மாத்திரை தீந்தப்ப பெரியப்பா வீட்ல கைமாத்து வாங்கினியா?"

"ஆமா, போன மாசம். இன்னாத்துக்கு கேக்கிற?"

"திருப்பிக் குடுத்தியா?"

"குடுக்காம? கொறையா குடுத்துட்டேன்னு சொன்னாங்களா? ஆறு பட்டைக்கு மேல நாலு சேத்துதான் குடுத்தேன், நீ வேணா அவங்களையே கேளு."

"எந்த டப்பாவுலருந்து எடுத்துக் குடுத்த?"

போனில் கேட்டுக்கொண்டிருந்த மெஷின் சத்தம் நின்றது. "மேல் அலமாரில கீதே. வெள்ளையா, கோடு போட்டு."

அம்மாவின் சர்க்கரை மாத்திரை கீழ் அலமாரியில். மேல் அலமாரியில் இருப்பது அப்பாவின் பிரஷர் மாத்திரை. மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வைத்தது. பெரியப்பா ஒரு மாதமாகத் தன்னுடைய பிரஷர் மாத்திரை ஒன்று, எங்கள் அப்பாவுடையது இரண்டு, ஆக நாளொன்றுக்கு மூன்று போட்டுக்கொண்டிருக்கிறார். சர்க்கரைக்கு ஒன்றும் போடவில்லை. சிஸ்டர் விரலில் குத்திப் பார்த்தார், சர்க்கரை இருநூற்று எண்பது.

நான் விஷயத்தைச் சொன்னேன். அப்பா லிஃப்டை மறந்துவிட்டு நின்றார், மூன்று மாடியிலிருந்து மணி அடித்துக்கொண்டிருந்தது.

"நம்ம வூட்டு மாத்திரையா?" என்றார் மெதுவாக.

பெரியப்பாதான் முதலில் சிரித்தார். பெஞ்சில் படுத்தபடி, வயிறு குலுங்க. "அதான பாத்தேன். ஒரு மாசமா எனக்கு உங்கப்பன் ஞாபகமாவே கீது." பெரியம்மா அவர் வாயைப் பொத்தப் போய் அவளும் சிரித்துவிட்டாள். ஒரு மாதப் பயம் அந்தச் சிரிப்பில் வெளியே போனதைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நாலு சேத்துக் குடுத்தா பாரு, தங்கமானவ."

நானாக மாத்திரையை நிறுத்த முடியாது, பார்க்கிற டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாலு பேரும் டப்பாவோடு மறுபடி ஏழுக்குப் போனோம். ஏழாம் மாடி டாக்டர் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எந்த ஹாஸ்பிடல்ல குடுத்தாங்க?"

"பக்கத்து வூடு சார்," என்றார் பெரியப்பா.

டாக்டர் நிமிர்ந்தார். பெரியப்பா என்னைக் கைகாட்டினார். "இவங்க அம்மா. ஃப்ரீயா குடுத்தாங்க."

அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெள்ளை மாத்திரையை நிறுத்தச் சொன்னார், பழைய சர்க்கரை மாத்திரையை எழுதிக் கொடுத்தார், ஸ்கேன் வேண்டாம் என்றார், ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று என்னிடம் கேட்டார். கத்தரியைப் பற்றிச் சொன்னேன். இதில் என் படிப்பு ரொம்பக் கொஞ்சம். அந்தக் கத்தரி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது, அவ்வளவுதான். அவர் நல்ல டாக்டர். எந்த மாடியிலும் யாரும் தப்பாகப் பார்க்கவில்லை. அவரவர் மாடியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கோளாறு எங்கள் லைனில் மூன்று வீட்டுக்கு நடுவில் இருந்தது.

சாயங்கால ரயிலில் பெரியப்பா எங்கள் பெட்டி முழுக்கக் கதையைச் சொன்னார். கோரமண்டல் ஸ்டேஷன் வருவதற்குள் அதில் என் அம்மா கொடுத்த மாத்திரை ஒரு டப்பா நிறைய ஆகிவிட்டது. அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். ஏழாம் மாடியைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். ஊரிகத்தில் இறங்கி நடக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் படிப்புல வூட்டுக்குப் போயி அலமாரியப் பாக்கச் சொல்லிக் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கப்பா. வீட்டுக்குப் போய்ப் பாக்கறதும் அதுல ஒரு பாடம்."

"ம்," என்றார். அது சரி என்கிற ம்-மா, பார்க்கலாம் என்கிற ம்-மா என்று தெரியவில்லை. பூட்ட மறுநாள் மதியம் பன்னிரண்டு வரைக்கும் நேரம் இருந்தது.

மறுநாள் அப்பாவுக்கு வார லீவு. எட்டு மணிக்குப் பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் ஆறு பேர் நின்றார்கள். கையில் பிஸ்கட் டப்பா, ஹார்லிக்ஸ் பாட்டில், ஒருத்தியிடம் எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டி, மிளகும் சீரகமும் இருக்க வேண்டிய கிண்ணங்களில் மாத்திரை. ஸ்கெலட்டன் லைனிலிருந்து பெரியம்மாவின் தங்கை ஆட்டோவில் வந்திருந்தாள். ராத்திரிக்குள் அங்கே வரைக்கும் செய்தி போயிருக்கிறது.

அம்மா தையல் மெஷினில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆணியில் கத்தரி இல்லை.

"எங்கம்மா கத்தரி?"

"பத்திரமா கீது. போ."

"யாரும் உன்ன ஒண்ணும் சொல்லலம்மா."

"எனக்குத் தெரியும். நேத்து உங்க பெரியம்மா வந்து எனக்கு ஸ்வீட்டு குடுத்துட்டுப் போறாங்க. அதான் இன்னும் கேவலமா கீது." பிறகு திரும்பாமலே சொன்னாள், "சர்க்கரை மாத்திரைல ஒரு கோடு, பிரஷர் மாத்திரைல ஒரு கோடு. இவ்ளோ படிச்சவங்க, வேற வேற கலர் போடக்கூடாதா?"

நான் வாசலில் நின்றவர்களை உள்ளே கூப்பிட்டேன்.

கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு டப்பாவாகக் கொட்டி, பேர் படித்து, சீட்டோடு ஒத்துப் பார்த்து, சர்க்கரைக்குப் பச்சை நூல், பிரஷருக்குச் சிவப்பு நூல் என்று அம்மாவின் நூல்கண்டிலிருந்து எடுத்துக் கட்டினேன். நூல் யோசனை அம்மாவுடையது. இரண்டாவது டப்பாவிலேயே அவள் மெஷினை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், பல் இல்லாத சின்னக் கத்தரியோடு. இன்னும் இரண்டு வீட்டு டப்பாவில் அடுத்த வீட்டு மாத்திரை இருந்தது. ஒரு டப்பாவில் சட்டைப் பொத்தான் ஒன்று இருந்தது. அதை டப்பாக்காரி எத்தனை நாளாகப் போட்டுக்கொள்கிறாள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். போட்டுக்கொள்ளவில்லையாம், தைக்க எடுத்து வைத்ததாம்.

பத்து மணிக்கு வாசலில் கூட்டம் இருபதானது. உள்ளே இடமில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்போதுதான் அப்பா எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்று கதவில் ஒரு கை வைத்தார்.

"ஒரு தடவைக்கு நாலு பேருதான். உள்ள கீறவங்க வெளிய வந்தப்பறம் அடுத்தவங்க." அந்தக் குரல் எனக்குத் தெரியும். நேற்றுப் பூராவும் கேட்ட குரல். "உனக்கு இன்னாக்கா? முழங்காலா? அத்த அப்பறம் பாத்துக்கலாம், இப்ப டப்பா மட்டும். நீ உள்ள போ. யம்மா, நீ ஏன் நிக்கிற, உக்காரு, உனக்கு நின்னா சுத்துமில்ல?"

பதினொன்றரைக்கு நான் போனை எடுத்துப் பட்டியலைத் திறந்தேன். ஜெனரல் மெடிசின் முதலில் இருந்தது. அப்பாவுக்காக இரண்டு நாள் முன்னால் அப்படி மாற்றி வைத்திருந்தேன். ஃபேமிலி மெடிசினை மேலே இழுத்தேன். பூட்டு என்கிற பொத்தான் கீழே நீலமாக இருந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தேன்.

அப்பா கதவைப் பிடித்தபடி திரும்பி என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். அவருக்கு எழுத்து வராது. ஆனால் ஒரு பொத்தானுக்கு முன்னால் தயங்குகிற ஆளை அவருக்குத் தெரியும், அதுதானே அவர் வேலை.

"இன்னாத்துக்கு அதைப் புடிச்சிக்கினு நிக்கிற?" என்றார். "வெளிய எத்தினி பேரு காத்துக்கினு கீறாங்க. அமுக்குப்பா."